ஒரு நாற்காலியில் இரண்டு பேர்

தலைமைச் சட்ட அதிகாரியின் அறைக்கு வெளியே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை அந்தக் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மேலதிகாரி முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் 'ஸ்டெனோ அம்மா'. இளம் வயதில் தட்டச்சுப் பள்ளியிலிருந்து நேராக வந்து சேர்ந்தவள். அரசாங்கங்கள் கவிழ்ந்தன, அதிகாரிகள் மாறினார்கள், ஜன்னல் திரைகூட நிறம் மாறியது. அவள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"இந்த ஆபீஸோட அசையாத சொத்து ரெண்டுதான். ஒண்ணு இரும்பு பீரோ, இன்னொண்ணு நம்ம ஸ்டெனோ அம்மா" என்பார் கணக்குப் பிரிவுக்காரர்.

"பீரோவுக்காவது அப்பப்போ பெயிண்ட் அடிக்கிறாங்க" என்பாள் அவள், விரல்களைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுக்காமலே.

அந்த நாட்களின் அரசியலமைப்புச் சட்டப்படி, அவளுடைய மேலதிகாரிக்கு வேலை இரண்டு. அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் மந்திரி அவர்தான். மந்திரிசபைக் கூட்டத்தில் அவருக்கும் ஓர் இடம் உண்டு. குற்ற வழக்குகளுக்கெல்லாம் தலைவரும் அவர்தான். குறிப்பாக, போலீஸ்காரர் ஒருவர் மீது வழக்குத் தொடர வேண்டுமானால் அவருடைய அனுமதி வேண்டும். அது இல்லாமல் எந்த நீதிமன்றமும் மனுவைக் கையால் தொடாது. "காலையில மந்திரி, மத்தியானம் வக்கீல். ஒரு உறையில ரெண்டு கத்தி" என்று அலுவலகத்தில் கேலி பேசிக்கொள்வார்கள். அந்தக் கேலி அவர்களில் யாரையும் குத்தியதில்லை. குத்தும் காலம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு அம்மா முகம் சரியாக ஞாபகம் இல்லை. வளர்த்ததெல்லாம் அக்காதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வைகளும் படுக்கை விரிப்புகளும் துவைத்து மடிக்கிற வேலை அக்காவுக்கு. கொதிநீரின் ஆவியில் முன்கை இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். அந்தக் கைகள்தான் தங்கையைத் தட்டச்சுப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டன. "நான் துணி மடிக்கிறேன், நீயாவது காகிதம் மடி" என்று சொல்லிச் சிரித்தாளாம். அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒரு பையன் பிறந்தான், கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஸ்டெனோ அம்மா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அதான் ரெடிமேடா ஒரு பையன் இருக்கானே" என்று அக்கா மகனைக் காட்டுவாள்.

அவனை வீட்டில் நெட்டை என்று கூப்பிட்டார்கள். கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டே வளர்ந்தவன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சித்தி வீட்டுக்கு வருவான். மின்விசிறியைக் கழற்றுவான், மிக்ஸியைக் கழற்றுவான், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தையும் கழற்றுவான்.

"டேய், நல்லா இருக்கறதை ஏண்டா பிரிக்கிறே?"

"நல்லா இருக்கான்னு பிரிச்சாத்தானே சித்தி தெரியும்!"

ஒரு நாள் யாரோ ஒருவன் திருட்டுக் கைபேசி ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று போலீஸ்காரர்கள் கடைக்கு வந்து நெட்டையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் மதியம், அக்கா சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போது, அதே ஆஸ்பத்திரியின் பிணவறை ஊழியர் வந்து வாசலில் நின்றார். அக்காவை வெகுகாலமாகத் தெரிந்தவர். சொல்ல வாய் வராமல், "கொஞ்சம் கூட வாங்கக்கா" என்று மட்டும் சொன்னாராம்.

ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றது போலீஸ்.

அக்கா அந்த ஸ்டேஷன் வாசலுக்குப் போய் நின்று பார்த்தாள். தரைத்தளக் கட்டடம், மாடி கிடையாது. வாசலில் இரண்டே இரண்டு படி.

"இதுல விழுந்தா செத்துப்போவாங்களா?" என்று காவலுக்கு நின்றவரிடம் கேட்டாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இத்தனை நாள் மற்றவர் வீட்டு இழவுகளைக் கோப்புகளில் தட்டச்சு செய்தவள் ஸ்டெனோ அம்மா. இப்போது அவள் வீட்டு இழவே கோப்பாகி வந்தது. மருத்துவ அறிக்கையில் அடிகாயங்கள் இருந்தன. விசாரணை நீதிபதி, இன்ஸ்பெக்டர் மீது வழக்குத் தொடர முகாந்திரம் உண்டு என்று எழுதினார். எல்லாம் ஒன்றுசேர்ந்து, தலைமைச் சட்ட அதிகாரியின் அனுமதிக்காக அவளுடைய கண்ணாடித் தடுப்பைத் தாண்டி உள்ளே போயிற்று. அவள் அதைத் தொடவில்லை. கணக்குப் பிரிவுக்காரரே எடுத்துக்கொண்டு போய் வைத்தார்.

அப்போதிருந்த அதிகாரி நல்ல மனிதர். இதை அவளே பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கத்தமாட்டார், கோப்பை விட்டெறியமாட்டார். துக்கத்துக்கு வீட்டுக்கே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மூலையில் ஒரு மரமுக்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்து போனவர். அதனால் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. "சார் படிச்சா போதும்க்கா, போட்டுருவார்" என்று அக்காவிடம் சொன்னாள். அக்காவும் நம்பினாள்.

ஒரு மாலை, அலுவலகம் காலியாகும் நேரத்தில் அவர் அவளை உள்ளே கூப்பிட்டார். அவள் வழக்கம்போல் குறிப்பெடுக்கும் பென்சிலோடு போனாள்.

"அதெல்லாம் வேண்டாம்மா. உக்காருங்க."

உட்கார்ந்தாள். அந்த அறையில் இத்தனை வருஷத்தில் பென்சில் பிடிக்காமல் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

"உங்க பையன் கோப்பை முழுசாப் படிச்சேன்" என்றார். "வக்கீலா இருந்து பார்த்தா, இது கண்ணை மூடிக்கிட்டு அனுமதி கொடுக்க வேண்டிய கேஸ்."

அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"நேத்து மந்திரிசபையில பேச்சு வந்துச்சு. போலீஸ்காரங்க ஏற்கெனவே கொதிச்சுப் போயிருக்காங்க, தேர்தல் வேற வருது, இப்போ ஒரு இன்ஸ்பெக்டரைக் கூண்டுல ஏத்தினா நிலைமை கைமீறிப் போயிடும்னு சொல்றாங்க. அந்த மேஜையில நானும்தாம்மா ஒருத்தன். அங்க தலையாட்டிட்டு இங்க வந்து கையெழுத்துப் போட முடியல."

"அப்போ அங்க தலையாட்டாம இருந்திருக்கலாமே சார்" என்றாள் அவள். அவரிடம் அவள் எதிர்த்துச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

"இருந்திருக்கலாம்" என்றார் அவர், மேஜைக் கண்ணாடியைப் பார்த்தபடி. மறுப்பு ஆணையை அவரே கைப்பட எழுதியிருந்தார். அவளைத் தட்டச்சு செய்ய வைக்கவில்லை. அதைத் தவிர அவர் செய்யக்கூடிய கருணை வேறு எதுவும் மிச்சமில்லை போலும்.

வேலையில் சேரும்போது அவள் ஓர் உறுதிமொழி எடுத்திருந்தாள். அந்த அறைக்குள் கேட்டது எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்பது. மற்றவர்களுக்கு அது சேர்ந்த நாள் சடங்கு. அவளுக்கு அது சோற்றில் கை வைப்பதுபோல் பழகிப்போன ஒழுக்கம். அன்று வீட்டுக்குப் போகாமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"அனுமதி கிடைக்கலக்கா."

அக்கா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏனாம்?"

"தெரியாதுக்கா."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பால் குடிக்கும் வயதிலிருந்து வளர்த்தவளுக்குத் தெரியாதா, தங்கச்சி பொய் சொன்னால் கண் எங்கே போகும் என்று! "சரி" என்றாள். "நீ வீட்டுக்குப் போ."

அதற்குப் பிறகு அக்கா அவளோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. திட்டித் தீர்த்திருந்தால், வாசலில் நின்று அழுது சமாதானம் செய்திருக்கலாம். அக்கா கதவைத் திறப்பாள், வழிவிடுவாள், தன்பாட்டுக்கு வேலை பார்ப்பாள். இவளே பேசி, இவளே பதில் சொல்லி, இவளே எழுந்து வர வேண்டும். ஒரு நாள் மட்டும், இவள் படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் சொன்னாள்: "அந்த நாற்காலிக்குப் பக்கத்துலதானே தினமும் உக்காந்திருக்கே."

உட்கார்ந்திருந்தாள்தான். போகாமல் என்ன செய்வாள்? காலையில் எழுந்தால் கால் தானாக அந்தக் கட்டடத்துக்குத்தான் நடந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளைத் தாண்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டில் எல்லாப் பொருளும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. கழற்ற ஆள் இல்லை.

தேர்தல் வந்தது. கைமீறிப் போகும் என்று பயந்த அரசாங்கமே போயிற்று. நெட்டையைப் போல ஸ்டேஷன்களில் செத்தவர்களின் தாய்மார்கள் பல ஊர்களில் தெருவுக்கு வந்திருந்தார்கள். அக்காவும் வேலை முடிந்ததும் மகன் படத்தோடு போய் அவர்களுடன் நிற்பாள். புதிய அரசாங்கம் அரசியலமைப்பைத் திருத்துவதற்கு ஒரு கமிஷன் போட்டது. அதன் முதல் கேள்வியே, தலைமைச் சட்ட அதிகாரி மந்திரிசபையில் இருக்கலாமா, கூடாதா என்பதுதான். தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்லலாம் என்று அறிவித்தார்கள்.

அக்கா அவள் வீட்டுக்கு வந்தாள். அந்தச் சாவுக்குப் பிறகு முதல் தடவையாக. உள்ளே வரவில்லை, செருப்பைக் கழற்றவும் இல்லை.

"கமிஷன் போட்டிருக்காங்களாம். உள்ள நடந்ததைத் தெரிஞ்சவங்க சொல்லலாமாம்."

"அக்கா, நான் சத்தியம் பண்ணியிருக்கேன்…"

"நான் உன்னைச் சொல்லச் சொல்லல. சேதியைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

போய்விட்டாள்.

ஸ்டெனோ அம்மாவுக்கு அடுத்த சில வாரங்கள் இருதலைக் கொள்ளி எறும்பின் பாடு. சொன்னால் வேலை போகும். அதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். தன்னை நம்பி, உட்காரச் சொல்லி, மனதைத் திறந்து பேசிய மனிதரைச் சந்தியில் நிறுத்த வேண்டும் என்பதுதான் அவளைத் தடுத்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "ஆதாரம் போதல" என்று ஒரு வரியோடு முடித்திருந்தால் அவளுக்குச் சொல்வதற்கே ஒன்றும் இருந்திருக்காது. அவர் உண்மையைச் சொன்னார். அந்த உண்மைதான் இப்போது அவருக்கு எதிரான சாட்சி.

கடைசியில் ஒரு காலை, அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கமிஷன் கூடும் மண்டபத்துக்குப் போனாள். பச்சைத் துணி விரித்த நீண்ட மேஜை. நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், மூக்கு நுனியில் கண்ணாடி. பின்வரிசைகளில் பெண்கள், மடியில் புகைப்படங்கள். அவர்களில் அக்காவும் இருந்தாள். இவள் அதை எதிர்பார்க்கவில்லை.

"நீங்க எடுத்திருக்கிற உறுதிமொழி ஞாபகம் இருக்காம்மா? இங்க சொன்னா உங்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல" என்றார் நீதிபதி.

"ஞாபகம் இருக்குங்க ஐயா. என் கூடப் பிறந்தவகிட்டகூடச் சொல்லாம காப்பாத்தினேன்."

பிறகு சொன்னாள். கூட்டாமல், குறைக்காமல், அன்றைக்கு அந்த அறையில் பேசியதை அப்படியே சொன்னாள். 'இருந்திருக்கலாம்' என்று அவர் சொன்னதையும் சொன்னாள். சொல்லி முடிக்கிறவரை பின்பக்கம் திரும்பவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் போனதும், கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "இதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி. எவன்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேனே. காரணம்னு ஒண்ணு தெரிஞ்சிருந்தா, ராத்திரியெல்லாம் 'என் பிள்ளை மேல ஏதாவது தப்பு இருந்துச்சோ'ன்னு யோசிச்சிருக்க மாட்டேன்."

ஸ்டெனோ அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வழக்கு நடக்காதது ஒரு பக்கம் இருக்க, இந்த ஒரு சந்தேகம் இத்தனை நாளும் அக்காவை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. தாழ்வாரம் என்றும் பாராமல் தரையில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அவளைத் தூக்கி நிறுத்தவில்லை. ஆனால் விட்டுவிட்டும் போகவில்லை. பக்கத்திலேயே நின்றாள்.

அலுவலகம் அவளைப் பணியிடை நீக்கம் செய்தது. அதே வாரம் கமிஷன் பழைய அதிகாரியை அழைத்தது. அவர் மறுத்துவிட்டால் அவள் சொன்னதற்கு வேறு சாட்சியே கிடையாது. ஊரே அப்படித்தான் எதிர்பார்த்தது. அவர் வந்தார். இளைத்துப் போயிருந்தார்.

"அந்தம்மா சொன்னதுல ஒரு வார்த்தைகூட மிகையில்ல" என்றார். "நான் பயந்துட்டேன். ஆனா என்னைவிட தைரியசாலி வந்து உக்காந்தாலும் இதே சிக்கல்தான். காலையில ஒரு மேஜையில அரசாங்கத்தைக் காப்பாத்தணும். மத்தியானம் இன்னொரு மேஜையில அதே அரசாங்கத்து ஆள் மேல கேஸ் போடணும். ஒரு நாற்காலியில ரெண்டு பேரை உக்கார வைக்காதீங்க. ஒருத்தன் நசுங்கித்தான் ஆகணும். என் விஷயத்துல நசுங்கினது வக்கீல்."

வெளியே போகும்போது அவள் முன்னால் வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் போலிருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய்விட்டார். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

திருத்தம் நிறைவேறியது. தலைமைச் சட்ட அதிகாரி மந்திரிசபையிலிருந்து வெளியே வந்தார். அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ல வேறொருவர். அவர் இனி வழக்குகளை மட்டும் பார்ப்பார், அரசாங்கம் அவரை எளிதில் நீக்க முடியாது. அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். தெருவில் நின்ற தாய்மார்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அக்காகூட அன்று சிரித்தாளாம்.

சகோதரிகள் இருவரும் புதிய அலுவலகத்துக்குப் போனார்கள். அதே கட்டடம், அதே மாடி. கண்ணாடித் தடுப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். ஓர் இளம் பெண் வழக்கறிஞர் அவர்களை உட்கார வைத்து, சட்டப் புத்தகத்தைப் புரட்டி, மறுபடியும் புரட்டி, சங்கடத்தோடு நிமிர்ந்தாள்.

"அம்மா, புதுச் சட்டத்துல கடைசியில ஒரு பிரிவு இருக்கு. இதுக்கு முன்னாடி இருந்த அதிகாரி எடுத்த முடிவுகளை மறுபடி திறக்கக் கூடாது. எல்லாப் பழைய கேஸும் கிளம்பி வந்துடும்னு, ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் சேர்த்தாங்க. அதை ஒத்துக்கலைன்னா திருத்தமே நிறைவேறியிருக்காது."

"அப்போ அந்த இன்ஸ்பெக்டர்?" என்று கேட்டாள் அக்கா.

"அவர் ஓய்வு வாங்கிட்டாரும்மா."

"என் பிள்ளைக்கு வாங்க ஒண்ணுமில்லையா?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருவரும் எழுந்தார்கள். படியிறங்கும்போது ஸ்டெனோ அம்மா கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷம் ஏறி இறங்கிய படி அன்று செங்குத்தாக இருந்தது. "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்களே" என்றாள் அக்கா. "இது அப்படிக்கூட இல்ல. நாம விளக்கைத் தேடி ஏத்தி வச்சோம், வெளிச்சம் அடுத்த வீட்டுல விழுது."

ஸ்டெனோ அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு நகலகத்தில் மனுக்கள் தட்டச்சு செய்யும் வேலைக்குப் போனாள். அக்காவும் அவளும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். பழைய பேச்சு இல்லை. மருந்து வாங்கினாயா, தண்ணீர் வந்ததா என்ற அளவுக்கு. நெட்டையைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. இரண்டு பேரும் சுற்றிப் போகிற ஒரு குழிபோல அவன் நடுவில் இருந்தான்.

நகலகத்துக்கு ஒரு நாள் வேறு ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் மகன் ஸ்டேஷனில் இறந்திருந்தான். புதுச் சட்டம் வந்த பிறகு இறந்தவன். அவளுக்கான மனுவை ஸ்டெனோ அம்மாதான் தட்டச்சு செய்தாள். அனுமதி கிடைத்தது. புதிய சட்டத்தின் கீழ் முதல் வழக்கு.

விசாரணை தொடங்கும் நாளைப் பற்றி அவள் அக்காவிடம் சொல்ல நினைக்கவில்லை. வாய் தவறி வந்துவிட்டது. அந்த நாள் காலையில் அக்கா நீதிமன்ற வாசலில் நின்றுகொண்டிருந்தாள், நல்ல சேலை உடுத்தி.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூண்டில் இரண்டு போலீஸ்காரர்கள், சீருடை இல்லாமல், யாரோ பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல. குற்றச்சாட்டை வாசிக்க ஆரம்பித்தார்கள். இறந்தவன் பெயரை வாசித்தபோது அக்காவின் தோள் குலுங்கியது. யாரோ பெற்ற பிள்ளையின் பெயர். ஸ்டெனோ அம்மா அவள் கையைப் பிடித்தாள். சிவந்து தடித்த அந்தக் கை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு இறுகப் பற்றிக்கொண்டது.

இடைவேளையில் எல்லோரும் வெளியே போனார்கள். முன்வரிசையில் அந்தத் தாய் மட்டும், எழுந்தால் வழக்கு நின்றுவிடுமோ என்பதுபோல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா" என்றாள். "நீ போய் ஒரு டீயும் ரொட்டியும் வாங்கிட்டு வா. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."